களப்பும் மேசையும்: கதிரவெளியிலிருந்து ஒரு சிற்றூர் இத்தாலிய உணவகத்தை நோக்கி

கதிரவெளிக்கு யாரும் இத்தாலியச் சாப்பாடு தேடிப் போவதில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தின் வட அந்தத்தில், வாகரை என்று ஊரார் சொல்லும் கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலகப் பிரிவில் உள்ள கரையோர ஊர் அது. மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றர். திருகோணமலைக்குப் போகும் ஏ-15 வீதி ஊரை ஊடறுத்துச் செல்கிறது. கிழக்கே கடல், மேற்கே வயலும் பற்றைக்காடும், வடக்கே வெருகல் ஆறு, தெற்கே வாகரைக்கும் பனிச்சங்கேணிக்கும் அருகே உப்பாற்றுக் களப்பு. பஸ்ஸில் போகிறவர் வீதியோரத் தேத்தண்ணிக் கடையில் ஒரு வடையும் பிளேன்ரீயும் எடுத்துக்கொண்டு வழியைப் பார்ப்பார். களப்பையும் கடலையும் யன்னலால் காண்பார். அவற்றில் என்ன விளைகிறது, அது எப்படி ருசிக்கும் என்பதை அறியாமலே வெருகல் பாலத்தைத் தாண்டிவிடுவார்.

இத்தாலியின் கரையோரச் சிற்றூர்களில் வழிப்போக்கர் ஓர் ஊரை அறிவது பெரும்பாலும் அதன் சாப்பாட்டு மேசையில். இருபது முப்பது பேர் மட்டுமே இருக்கக்கூடிய ஒரு கடை, ஒரு குடும்பம், அன்று காலை வந்த மீன், பக்கத்துத் தோட்டத்து மரக்கறி, ஊர் வைன் என்று அந்த மேசை அமையும். இதை இத்தாலியரின் கைப்பக்குவம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் அந்த மேசைக்குப் பின்னால் நீர் உரிமை குறித்த வழக்குகள், மீனவர் கூட்டுறவுகள், நாடாளுமன்றச் சட்டங்கள், ஊரைவிட்டுப் போன தலைமுறைகள் எல்லாம் இருக்கின்றன. கதிரவெளியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் கைப்பக்குவத்துக்கும் குறைவில்லை, மீனுக்கும் குறைவில்லை. குறைவது மேசையைத் தாங்கும் அந்த ஏற்பாடுதான் என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்காகச் சார்தீனியாத் தீவின் களப்போர ஊரான கப்ராஸையும் கதிரவெளியையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

திரத்தோரியாவின் ஒழுங்கு

இத்தாலியில் வெளியில் சாப்பிடும் இடங்கள் ஒரே வகை இல்லை. ‘ஒஸ்தெரியா’ ஆதியில் வைன் குடிக்கும் இடம். சாப்பாடு பின்னால் சேர்ந்தது. ‘திரத்தோரியா’ குடும்பம் நடத்தும் சாப்பாட்டுக் கடை. ‘ரிஸ்தொராந்தே’ மேசைவிரிப்பும் சம்பளப் பரிமாறுநரும் உள்ள இடம். ‘பிட்செரியா’ பீட்சா அடுப்பைச் சுற்றி அமைந்தது. இன்று பெயர்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டாலும், சிற்றூரில் ஆட்சி செய்வது திரத்தோரியாதான்.

அங்கே மதியச் சாப்பாடு பன்னிரண்டரை அளவில் தொடங்கும். இரண்டரைக்குப் பின் வந்தால் குசினி மூடியிருக்கும். மறுபடி திறப்பது இரவு ஏழரை அளவில். முதலில் சிறு தொடக்கத் தட்டு. அடுத்து ‘பிரிமோ’: பாஸ்தா, சோறு அல்லது சூப். அதற்கடுத்து ‘செகொந்தோ’: மீன் அல்லது இறைச்சி. மரக்கறி தனித் தட்டில் வரும். கடைசியில் இனிப்பு, பிறகு சிறு கோப்பையில் கடுங்கோப்பி. நம்மவர் போல எல்லாவற்றையும் ஒரே கோப்பையில் சோற்றைச் சுற்றி வைத்துப் பிசைவதில்லை. ஒன்று முடிந்துதான் இன்னொன்று வரும். மேசைக்கும் பாணுக்குமாகத் தலைக்கு ஒரு சிறு தொகையைப் பில்லில் சேர்ப்பார்கள். அதற்குக் ‘கோப்பெர்த்தோ’ என்று பெயர். புதிதாகப் போகிற உல்லாசப் பயணி இதைப் பார்த்து ஏமாற்று என்று முறையிடுவது வழக்கம். ஊர்க்காரர் அதைப் பேசாமல் கொடுத்துவிடுவார்.

இந்த ஒழுங்கு பழையதாகத் தோன்றினாலும், ‘இத்தாலிய உணவு’ என்ற தேசியக் கருத்து அவ்வளவு பழையதன்று. இத்தாலி ஒரே அரசானது 1861இல். அதன்பின் 1891இல் பெல்லெக்ரீனோ அர்த்தூசி என்ற ஓய்வுபெற்ற வணிகர் வீட்டுச் சமையல் நூல் ஒன்றைத் தன் செலவில் புளோரன்சில் அச்சிட்டார். முதற் பதிப்பில் 475 சமையல் குறிப்புகள். வாசகிகள் தங்கள் ஊர்ச் சமையலைக் கடிதமாக எழுதி அனுப்ப, அவர் 1911இல் இறப்பதற்குள் அது 790 ஆகிவிட்டது. ஊர் ஊராகக் கிடந்த சமையலை ஒரு நாட்டின் சமையலாக்கியதில் அந்த நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. இத்தாலியச் சமையலின் அடையாளமான தக்காளியும் அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்ததுதான். நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி எழுதிய சமையல் நூலில் 1690களில்தான் தக்காளிச் சாறு முதன்முதலாக அச்சேறியது. அதுவும் ‘ஸ்பானிய முறை’ என்ற அடைமொழியுடன். அதே கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் கப்பலில் வந்த மிளகாய் இல்லாமல் இன்று மட்டக்களப்பு நண்டுக்கறி இல்லை. ஆகவே ஒரு சமையல் எவ்வளவு ‘சுத்தமானது’ என்று கேட்பதில் பெரிய பயன் கிடையாது. அதை எங்கே, யார் கையால், யாருக்கு இலாபமாகச் சாப்பிடுகிறோம் என்பதே பயனுள்ள கேள்வி.

பிட்செரியாவுக்கும் திரத்தோரியாவுக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. 1876 முதல் 1915 வரை ஏறத்தாழ 1.4 கோடி இத்தாலியர் நாட்டைவிட்டுப் போனார்கள். அவர்களோடு உலகுக்குப் போனது பிட்செரியா. நியூயோர்க்கில் லொம்பார்டி கடை 1905இல். ஜேர்மனியின் வூர்ட்ஸ்பேர்க்கில் நிக்கொலீனோ தி கமில்லோவின் கடை 1952இல். மாவும் தக்காளியும் சீஸும் எங்கும் கிடைக்கும் என்பதால் பீட்சா எந்த ஊருக்கும் பயணம் போகும். திரத்தோரியா போகாது. அதன் சாப்பாடு அந்த ஊர் நீரோடும் மண்ணோடும் கட்டுண்டது. கதிரவெளியோடு ஒப்பிட வேண்டியது பீட்சாக் கடையை அல்ல, அசையாமல் இருக்கும் இந்தத் திரத்தோரியாவை.

கப்ராஸ்: களப்பு யாருடையது?

சார்தீனியாவின் மேற்குக் கரையில், ஒரிஸ்தானோ நகருக்கு அருகே உள்ள ஊர் கப்ராஸ். மக்கள்தொகை ஏறத்தாழ 9,000. ஊரை ஒட்டி 2,200 ஹெக்டயர் அளவில் ஆழமற்ற உவர்நீர்க் களப்பு. அதன் முதன்மை மீன் மடவை. களப்புக்கும் கடலுக்கும் இடையே உள்ள கால்வாய்களில் கம்புகளும் கண்ணிகளும் நட்டு, கடலை நோக்கித் திரும்பும் மடவையை மறித்துப் பிடிப்பது அவர்களின் பழைய முறை. கோரைப்புல்லால் கட்டிய சிறு தோணிகளும் அங்கே இருந்தன. மட்டக்களப்பு வாவியில் கட்டுவலையும் தோணியும் கண்டு வளர்ந்தவருக்கு இதில் அந்நியம் எதுவும் தெரியாது.

ஆனால் கப்ராஸ் மீனவருக்கு அந்தக் களப்பு நெடுங்காலம் சொந்தமில்லை. 17ஆம் நூற்றாண்டில் பணமுடையிலிருந்த ஸ்பானிய அரசர் 4ஆம் பிலிப் அதை ஜெனோவா வங்கியாளர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அந்த உரிமை கைமாறிக் கைமாறித் தனியாரிடமே நின்றது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் மீனவர்கள் முதலாளிக்குப் பங்கு கொடுத்தே வலை வீசினார்கள். தடைசெய்த இடத்தில் பிடித்தவர் திருடராக எண்ணப்பட்டார். பத்திரிகையாளர் ஜுசெப்பே ஃபியோரி 1961இல் ‘களப்பின் பிரபுக்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் எழுதிய நூல் இந்த அநியாயத்தை நாடறியச் செய்தது. போராட்டங்களுக்குப் பின் 1980களில் சார்தீனியப் பிராந்திய அரசு களப்பைத் தனியாரிடமிருந்து வாங்கி, மீனவர் கூட்டுறவுகளிடம் ஒப்படைத்தது.

கப்ராஸின் இன்றைய சாப்பாட்டு மேசை இதன் பிறகு வந்தது. மீனவர் கூட்டமைப்பே களப்போரத்தில் உணவகம் நடத்துகிறது. அங்கே உட்காருபவர் முன் வைக்கப்படுவது பெரும்பாலும் அன்றைய வலையில் விழுந்தது. மடவையை உப்புநீரில் அவித்து, களப்போரத்து உவர்ச்செடியில் சுற்றி வைக்கும் பழைய மீனவர் பதம் ஒன்று உண்டு; பகல் முழுதும் வேலைக்குப் போகிறவர் கெடாமல் எடுத்துச் செல்ல உருவான அந்தச் சாப்பாடு இப்போது விருந்தினர் தட்டில் வருகிறது. மீனவர் ஒருவர் மீனை வியாபாரிக்குக் கிலோ விலைக்கு விற்றால் கிடைப்பது ஒன்று. அதையே சமைத்துத் தட்டில் வைத்து விற்றால் கிடைப்பது வேறு. அந்த இடைவெளிப் பணம் ஊரிலேயே தங்குகிறது. களப்பு யாருடையது என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் இந்த மேசை எழும்பியிருக்காது.

கப்ராஸ் குறையில்லாத ஊர் என்று எண்ணிவிடக்கூடாது. 1999இல் களப்பு நீரில் பிராணவாயு குன்றி மீன்கள் பெருந்தொகையாய் இறந்தன. வரத்து வாய்க்கால்களால் வரும் உரக்கழிவும் கோடை வெப்பமும் அதற்குக் காரணங்கள். களப்பை நம்பிய உணவகம் களப்பின் நலத்தையும் சுமந்தாக வேண்டும்.

சினை, உப்பு, மா

கப்ராஸின் பெயரை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது மடவைச் சினை. கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கும்போது பெண்மடவையின் வயிற்றைக் கவனமாகக் கீறி, சினைப்பையைக் கிழியாமல் எடுக்கிறார்கள். கப்ராஸ் வழக்கப்படி பையின் நுனியில் சிறு மீன்தோல் துண்டும் விட்டுவைக்கப்படும். பை பிரியாமல் காக்கவும் அது இவ்வூர்ச் சரக்கு என்று அடையாளம் காட்டவும் அது உதவுகிறது. உப்பில் சில மணி நேரம் கிடத்தி, கழுவி, பலகைகளுக்கிடையே அழுத்தி, காற்றில் உலர்த்துகிறார்கள். முடிவில் அது அம்பர் நிறத்தில் கட்டியாகிவிடும். இதுதான் ‘பொத்தார்கா’.

அதைத் தட்டில் சேர்க்கும் முறை எளியது. ஆனால் பிழைவிட இடமுண்டு. கொதிக்கும் உப்புநீரில் ஸ்பகெட்டியை முழுதும் வேகவிடாமல் ஒரு நிமிடம் முன்னதாக எடுக்கவேண்டும். ஆலிவ் எண்ணெயில் பூண்டு பொன்னிறம் காணும் முன் ஸ்பகெட்டியைச் சட்டியில் போட்டு, பாஸ்தா வெந்த நீரை ஓர் அகப்பை ஊற்றிக் குலுக்கவேண்டும். அந்த நீரில் கரைந்த மாப்பொருள்தான் எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிணைத்துப் பாஸ்தாவின் மேல் மெல்லிய பாகாகப் படியவைக்கிறது. பாற்சொதி திரைந்துவிடாமல் அகப்பையை விடாது துழாவும் நம்மூர்க் கையின் கவனம் இதற்குப் போதும். அடுப்பை அணைத்த பின்தான் சினையைத் துருவவேண்டும்; சூடேறினால் அது கைத்துப்போகும்.

இதற்கு வேண்டிய பொருட்களில் கதிரவெளிப் பக்கத்தில் கிடைக்காதவை இரண்டு: ஆலிவ் எண்ணெய், டியூரம் கோதுமை. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. கிழக்கில் ரொட்டியும் பாணும் சுடும் மா, திருகோணமலை சீனன்குடாவில் 1980 முதல் இயங்கும் பிரிமா ஆலை இறக்குமதிக் கோதுமையை அரைத்துத் தருவது. பழையவர்கள் இன்னும் ‘அமெரிக்கன் மா’ என்றே சொல்வார்கள். கோதுமை மாவில்தான் கொத்துரொட்டி உருவானது. அது கிழக்கில் பிறந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 2022இல் டொலரின் விலை சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியபோது இறக்குமதி மாவின் விலை சாப்பாட்டுக்கடைக்காரர்களை எப்படி உலுக்கியது என்பதை யாரும் மறக்கவில்லை. இறக்குமதிப் பொருளை நம்பி ஒரு சிற்றூர்க் கடையைக் கட்டினால் அது முதல் நெருக்கடியிலேயே ஆட்டம் காணும். திரத்தோரியாவின் முதற்பாடம் இதுவே: எது வாசலில் கிடைக்கிறதோ அதைச் சமைப்பது.

கதிரவெளியில் வாசலில் கிடைப்பவை

கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி, காயங்கேணி என்று நீளும் இக்கரையின் வாசலில் என்ன கிடைக்கிறது? கடல்மீன், கணவாய், இறால், களப்பு நண்டும் மடவையும், மானாவாரி நெல், எருமைத்தயிர், சேனைப்பயிர்ச் சோளமும் பயறும், காட்டுத்தேன். வெருகல் தாண்டினால் கொட்டியாரக் குடாப் பக்கத்து மட்டி; இத்தாலியர் ஸ்பகெட்டியோடு உண்ணும் மட்டியின் உறவுதான் அது. குஞ்சங்குளம் போன்ற ஊர்களில் தமிழ் பேசும் கரையோர வேடர் வாழ்கிறார்கள். மீனும் தேனும் சேனையும் சேர்ந்த அவர்களின் உணவுமுறையை எந்த ஹோட்டல் பட்டியலிலும் காணமுடியாது. அருகே பெருங்கற்கால ஈமச்சின்னங்களும் உண்டு. கப்ராஸ் வயலில் 1974இல் ஏர் முனையில் அகப்பட்ட மொந்தே பிராமா கற்சிலைகளைப் பார்க்க வருபவர்கள் ஊரில் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புகிறார்கள். கதிரவெளியின் கற்களைப் பார்க்கப் போகும் ஆய்வு மாணவர்கள் சாப்பாட்டுப் பார்சலைக் கையோடு கொண்டு போகிறார்கள்.

களப்பு நண்டின் பயணத்தைப் பார்த்தாலே நிலைமை விளங்கும். கூட்டில் அகப்பட்ட நண்டின் கால்களைக் கொடுக்கோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி, உயிரோடு ஈரச்சாக்கில் வைப்பார்கள். வாங்குபவர் நண்டைப் புரட்டி, வயிற்றோட்டைப் பெருவிரலால் அழுத்துவார். ஓடு அமுங்கினால் அண்மையில் சட்டை கழற்றிய நண்டு. உள்ளே சதை இல்லை, தண்ணீர்தான். அது கழிவு. கல்லுப் போல நின்றால் நிறை பார்த்துத் தரம் பிரிப்பார். நல்ல தரம் அன்றிரவே ஊரைவிட்டுப் போகும். இலங்கைக் களப்பு நண்டுக்குச் சிங்கப்பூரில் பெரும் பெயர். கொழும்பில் பழைய டச்சு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் 2011இல் திறந்த மினிஸ்ட்ரி ஒஃப் கிராப் உணவகமோ இந்த நண்டை வைத்தே உலகப் புகழ் பெற்றது. அங்கே பேர்போன ஒரு பதம் ஆலிவ் எண்ணெய், பூண்டு, இடித்த மிளகாய், சோயா சேர்த்துச் செய்வது. சோயாவை நீக்கிப் பார்த்தால் அது தென்னித்தாலிய வீட்டு அடுப்பின் அடிப்படைக் கூட்டு. ஆக, இலங்கையின் களப்பு நண்டும் இத்தாலியப் பூண்டும் எண்ணெயும் ஏற்கெனவே ஒரு தட்டில் சந்தித்துவிட்டன. சந்தித்த இடம் களப்போரம் அன்று.

ஏன் மேசை இல்லை?

முதற் காரணத்தை எல்லாரும் அறிவர். 2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமி வாகரைக் கரையைச் சின்னாபின்னமாக்கியது. வீடு கட்டி முடியுமுன் போர் மீண்டது. 2006 நவம்பர் 8ஆம் திகதி இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் எறிகணைகள் விழுந்து நாற்பதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் கைக்கு வந்தபோது பிரதேசமே காலியாகியிருந்தது. இரண்டே ஆண்டில் வலை, தோணி, மாடு, வீடு எல்லாம் போன ஊர் உணவகத்துக்கு முதல் தேட முடியாது. போர்க்காலத்தில் இவ்வீதி காவலரண்களும் படகுத்துறைகளுமாகவே இருந்தது. பாலங்களோடு கூடிய ஒழுங்கான பாதை போருக்குப் பின்தான் கிடைத்தது. வழிப்போக்கர் இல்லாத வீதியில் சாப்பாட்டுக் கடை வளராது.

இரண்டாவது காரணம் பாசிக்குடா. கதிரவெளியிலிருந்து தெற்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் அந்த ஆழமற்ற குடா இருக்கிறது. 2011 முதல் அங்கே அரசு வகுத்த உல்லாசப்பயண வலயத்தில் வரிசையாகப் பெரிய ஹோட்டல்கள் எழும்பின. அவற்றின் பஃபே மேசைகளில் பாஸ்தா உண்டு. கண்முன்னே கிண்டித் தரும் அடுப்பும் உண்டு. விருந்தினர் அறை வாடகையோடு இரண்டு அல்லது மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் காசு கட்டிவிட்டு வருவதால் வாசலைத் தாண்டி ஊரில் சாப்பிடவேண்டிய தேவை அவருக்கு இல்லை. மீன் ஊரிலிருந்து உள்ளே போகும். சாப்பிடுபவர் வெளியே வரமாட்டார். அறுகம்குடாவின் கதை வேறு. அங்கே அலைச்சறுக்கு ஆட்கள் சிறு விடுதிகளில் தங்கித் தெருவில் சாப்பிட்டதால் ஊர்க்காரர் கையிலேயே பல சிறு கடைகள் உருவாகின. ஒரே மாகாணத்தில் இரண்டு மாதிரிகள். ஒன்று மதிலுக்குள் சாப்பிடுகிறது, மற்றது தெருவில்.

மூன்றாவது காரணம் நமக்குள்ளேயே இருக்கிறது. மட்டக்களப்பு நாட்டில் விருந்தாளிக்குச் சோறு வீட்டில்தான். கோயில் சடங்கென்றால் அன்னதானத்தில். காசு கொடுத்து ஊரின் சோற்றை ஊரில் உண்பது நெடுங்காலம் வழிப்போக்கருக்கும் தனியாளுக்கும் உரிய காரியமாகவே இருந்தது. ஆகவே வீதியோரக் கடைகள் ஆண்களின் கடைகளாகின. அங்கே கொத்தும் ரோல்ஸும் கிடைக்கும். வீட்டில் அம்மாவும் பெரியம்மாவும் வைக்கும் நண்டுக்கறி கிடைக்காது. உண்மையான சமையல் தெரிந்த பெண்கள் வாசலில் அப்பம் சுட்டும் இடியப்பம் அவித்தும் விற்கிறார்கள்; அவர்களின் மதியக் கறி சந்தைக்கு வருவதேயில்லை. இத்தாலியத் திரத்தோரியாக்கள் பலவற்றில் குசினி நடத்துவது வீட்டுப் பெண், முன்கடை நடத்துவது கணவரோ பிள்ளையோ. அங்கே வீட்டுச் சமையலுக்கும் கடைச் சமையலுக்கும் நடுவே மதில் இல்லை, நம்மிடம் உண்டு.

கோப்பை கழுவியவர்கள்

நான்காவது காரணம் புலம்பெயர்வின் இயல்பு. 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பின் சுவிற்சர்லாந்துக்குப் போன ஈழத்தமிழரில் பெருந்தொகையானோருக்கு முதலில் கிடைத்த வேலை உணவகக் குசினியில். அதற்கு முன் அந்த வேலையைச் செய்தவர்களில் இத்தாலியர் முக்கியமானவர்கள். 1948இலும் 1964இலும் சுவிற்சர்லாந்து இத்தாலியோடு செய்த ஒப்பந்தங்களின்படி வந்தவர்கள் அவர்கள். பருவகாலத் தொழிலாளியாக ஒன்பது மாதம் உழைத்துவிட்டு, குடும்பத்தைக் கூட்டிவர அனுமதியின்றி வாழ்ந்தவர்களும் அவர்களில் உண்டு. அந்நியர் தொகையை மட்டுப்படுத்தக் கோரி 1970இல் நடந்த சுவாட்சன்பாக் வாக்கெடுப்பு முதன்மையாக இத்தாலியரைக் குறிவைத்தது, அது தோற்றது. இத்தாலியர் கடைகளுக்கு உடைமையாளராகி, அவர்களின் பிள்ளைகள் வேறு தொழில்களுக்குப் போனபோது, சட்டி கழுவும் தொட்டியருகே நின்றவர் தமிழர். கோப்பை கழுவத் தொடங்கி, சலாட் வெட்டி, பாஸ்தா அடுப்புக்கு ஏறி, சிலர் கடையையே எடுத்து நடத்தினார்கள். சுவிஸ், ஜேர்மனிச் சிறுநகரங்களில் இத்தாலியப் பெயர்ப்பலகையின் பின்னால் தமிழ்க் கை இருப்பது இன்று யாரையும் வியக்கவைக்காது.

இத்தாலிக்கே போனவர்களும் உண்டு. சிசிலியின் பலேர்மோவில் 1980கள் முதல் தமிழர் வாழ்கிறார்கள். வீட்டுப்பணியும் குசினி வேலையும் அவர்களின் தொடக்கம். 1624ஆம் ஆண்டுக் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவள் என்று நம்பப்படும் சாந்தா ரொசாலியாவின் மலைக்கோயிலுக்குக் கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவத் தமிழரும் ஏறிப்போவது அந்நகரில் பிரசித்தம். சிங்களக் கத்தோலிக்கரிடையே இப்பெயர்வு இன்னும் பெரியது. வென்னப்புவவைச் ‘சின்ன இத்தாலி’ என்றே இலங்கையில் அழைக்கிறார்கள்.

ஆனால் இந்த அறிவு கதிரவெளிக்குத் திரும்பி வந்ததா? பெரும்பாலும் இல்லை. ஐரோப்பா போக முகவருக்குக் கொடுக்கப் பெருந்தொகை வேண்டும். அது யாழ்ப்பாணத்துக் குடும்பங்களால் முடிந்தது போல் வாகரைப் பிரதேசத்து வறிய குடும்பங்களால் முடியவில்லை. இங்கிருந்து அதிகம் போனவர்கள் பெண்கள். போன இடம் மத்திய கிழக்கு. செய்த வேலை வீட்டுப்பணி. அவர்கள் அனுப்பிய காசில் வீடு கட்டப்பட்டது, சீட்டுக் கட்டப்பட்டது, பிள்ளை படித்தது. அந்நிய வீட்டுக் குசினியில் பெற்ற தேர்ச்சிக்கு ஊரில் கடைவாசல் திறக்கவில்லை. கப்ராஸில் களப்புக்கு முதலாளி இருந்தது போல, இங்கே உழைப்புக்கு எப்போதும் வெளியூர் முதலாளி இருந்திருக்கிறார்.

சட்டம் என்ற அடுப்பு

விளைவிப்பவரும் மீன் பிடிப்பவரும் தாமே சமைத்து விற்க வழியில்லாத சிக்கலை இத்தாலி சட்டத்தால் அணுகியது. 1985இல் வந்த 730ஆம் இலக்கச் சட்டம் விவசாயக் குடும்பம் தன் தோட்டத்திலேயே விருந்தினரை ஏற்றுச் சாப்பாடு போட வழிசெய்தது. 2006இன் 96ஆம் இலக்கச் சட்டம் அதைப் புதுப்பித்தது. இரு நிபந்தனைகள் இதன் உயிர்: பரிமாறுவது பெரும்பாலும் சொந்த விளைச்சலாகவோ சுற்றுவட்டார விளைச்சலாகவோ இருக்கவேண்டும், விவசாயமே முதன்மை, விருந்தோம்பல் அதற்குத் துணை. மீனவருக்கும் இதேபோல் வழி திறந்தார்கள். 1999ஆம் ஆண்டின் அமைச்சு ஆணை மீன்பிடிப் படகில் பன்னிரண்டு பேர் வரை ஏற்றிச்சென்று தொழிலைக் காட்டவும் பிடித்ததைச் சமைத்துக் கொடுக்கவும் அனுமதித்தது. கரையில் மீனவர் தம் இடத்திலேயே சாப்பாடு போடும் ‘இத்தித்தூரிஸ்மோ’ தனி வகையாக ஏற்கப்பட்டது. வரிச்சலுகையும் சுகாதார விதிகளும் அளவுக்கேற்ப அமைந்தன. பத்துப் பேருக்குச் சமைக்கும் வீட்டிடம் ஐந்நூறு பேர் ஹோட்டலின் கட்டமைப்பைக் கேட்கவில்லை.

இலங்கையில் இதற்கு அடித்தளமே இல்லை என்று சொல்லமுடியாது. உல்லாசப்பயண அதிகாரசபை வீட்டுத்தங்கல்களைப் பதிவுசெய்கிறது. விவசாயத் திணைக்களம் தென்னிலங்கையில் ‘ஹெல போஜுன்’ என்று நடத்தும் பெண்கள் உணவகத் திட்டம் வட மாகாணத்தில் ‘அம்மாச்சி’ என்ற பெயரில் நன்றாக வேரூன்றியிருக்கிறது. அங்கே கோதுமை மாவுக்கு இடமில்லை. உள்ளூர்த் தானியமும் கீரையும் கிழங்கும்தான். ஒவ்வொரு பெண்ணும் தன் அடுப்பில் தன் பதத்தைச் செய்து விற்று, வருமானத்தைத் தானே எடுக்கிறார். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வழிப்போக்கர் வாகனத்தை நிறுத்திச் சாப்பிடுகிறார்கள். வீட்டுச் சமையலுக்கும் கடைக்கும் நடுவே இருந்த மதிலை இடித்த முறையான முயற்சி அது. அதில் இல்லாதது கடலும் களப்பும்.

ஆகவே கதிரவெளிக்கு வேண்டியது இவ்விரண்டின் கூட்டு: அம்மாச்சியின் நிர்வாகமும் கப்ராஸின் களப்புரிமையும். அளவு சிறிதாக இருக்கவேண்டும். இருபது பேருக்கு மேல் இருக்கை வைத்தால் அன்றைய வலையால் நிரப்பமுடியாது, ஐஸ் மீனுக்குப் போகவேண்டிவரும். பட்டியல் வேண்டாம், காலையில் என்ன வந்ததோ அதுவே மதியச் சாப்பாடு. கிழக்குக் கரையில் உல்லாசப் பயணிகள் வருவது ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. மார்கழி வாடையில் கடல் கொந்தளிக்கும்போது களப்பு மீனையும் கருவாட்டையும் வைத்து வீதிப் பயணிகளுக்கும் ஊரவருக்கும் மட்டும் சமைக்கலாம். நண்டின் முதல் தரத்தில் ஒரு பங்கை வெளியூர் வியாபாரி விலைக்கே உணவகம் வாங்கும் என்று மீனவர் சங்கத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். ஊர்க்காரருக்குத் தனி விலை வேண்டும்; ஊரார் உண்ணாத உணவகத்தில் ருசி சீக்கிரம் வெளியாரின் நாக்குக்கு வளைந்துவிடும். காயங்கேணிக் கடலின் பவளப்பாறையும் உப்பாற்றுக் களப்பின் கண்டலும் கெட்டால் கடையும் கெடும் என்பதால், வருமானத்தில் ஒரு பங்கு அவற்றின் பராமரிப்புக்குப் போகவேண்டும்.

ஸ்பகெட்டியை இங்கே கொண்டுவர வேண்டிய தேவை இல்லை. கொண்டுவர வேண்டியது ஒரு முடிவெடுக்கும் முறையை: மீனின் முதல் விலையை யார் நிர்ணயிப்பது, அதைச் சமைத்து விற்கும் உரிமை யாருக்கு, சிறு அடுப்புக்குச் சட்டம் எந்த அளவு இளகவேண்டும். இம்மூன்றுக்கும் விடை சொல்லவேண்டியவர்கள் பிரதேச சபையும் மீன்பிடித் திணைக்களமும் மீனவர் சங்கங்களும். கப்ராஸ் மீனவருக்கு அந்த விடை கிடைக்க முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. வாகரைக் கரையில் புதிய ஹோட்டல் நிலங்கள் அளக்கப்படுவதற்கு முன்பே அந்த விடை எழுதப்பட்டால், இங்கே அவ்வளவு காலம் தேவைப்படாது.